வாபஸ் ஆன கேஸ் எட்டு மாதம் கழித்துக் கதவைத் தட்டியது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் விசா, வீட்டுக் கடன், கரண்ட் போன கதை எல்லாம் வரும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய கதை மட்டும் வராது. மாட்டியவர்கள் இல்லாமல் இல்லை, சொல்ல வெட்கம். நானும் ஒன்றரை வருஷம் வாய் திறக்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்புகளில் பாதியை என் சொந்தச் செலவில் செய்துதான் தெரிந்துகொண்டேன். இது வக்கீல் ஆலோசனை இல்லை. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனதே, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 செப்டம்பர். புரட்டாசி பிறந்தால் ஒரு மாதம் கறியும் இல்லை, குடியும் இல்லை என்று டர்பன் வீடுகளில் கட்டுப்பாடு. அதற்கு முந்தைய வாரக் கடைசியில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு கல்யாண வரவேற்பு, நான் குடியிருந்த சாட்ஸ்வொர்த் வீட்டுக்காரர்களின் சொந்தத்தில். மேசைக்கு மேசை பாட்டில் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது வீட்டுக்கார ஆயா, "தம்பி, ராத்திரி வண்டி ஓட்ட வாணாம், இங்கயே படுத்துக்க" என்றார். "நாலு கிளாஸ்தான் ஆயா, சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன்.

இந்த நாலு கிளாஸ் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரில் ஒரு டாட் என்றால் 25 மில்லி. கல்யாண மேசையில் அளவுக் குவளை கிடையாது, கை போன போக்குதான். பிற்பாடு ஒரு நாள் சமையலறையில் அதே மாதிரி கிளாஸில் வழக்கம் போலத் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், 65 மில்லி வந்தது. நாலு கிளாஸ் 260 மில்லி, அதாவது பத்து டாட்டுக்கு மேல். இந்த ஊர் விஸ்கி 43 சதவீதம், கிட்டத்தட்ட 88 கிராம் சுத்த ஆல்கஹால். எழுபத்தைந்து கிலோ ஆளின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 0.17 கிராம் அளவுக்கு ஏறும். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 0.015 கிராம்தான் கழிக்கும். காப்பி, பச்சைத் தண்ணீர், பிரியாணி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 0.17-இல் படுத்தவன் 0.05-க்கு இறங்க எட்டு மணி நேரம் ஆகும். நடுராத்திரி படுத்துக் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாட்டுகிறவர்களின் கதை இதுதான்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கான சட்டம் 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 65-ஆவது பிரிவு. ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் இருந்தாலே குற்றம், அதைத் தாண்ட வேண்டும் என்றுகூட இல்லை. டாக்ஸி, பஸ், லாரி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. மூச்சில் என்றால் ஒரு லிட்டர் காற்றுக்கு 0.24 மில்லிகிராம், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.10. பலருக்குத் தெரியாத ஒன்று: வண்டி நகர வேண்டும் என்பதே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, போதையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாலே அதே பிரிவில் குற்றம். "கொஞ்சம் தூங்கி எழுந்து போகலாம்" என்று ஏசியைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் சாய்ந்தவரையும் பிடிக்கலாம். தூங்குவதானால் பின் சீட், இன்ஜின் அணைத்து.

ஹிகின்சன் ஹைவேயில் ரோட் பிளாக். மணி 11.40. டாஷ்போர்டில் பார்த்த அந்த நேரம் பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது தெரியாது. கையில் பிடித்து ஊதச் சொல்லும் சின்னக் கருவி சந்தேகத்தை உறுதி செய்ய மட்டும்தான், கோர்ட்டில் அந்த எண்ணை வைத்துத் தண்டிப்பதில்லை. அதில் சிவப்பு வந்தால் ரத்தம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். ரத்தம் தர மறுக்கலாமா என்று நினைத்தேன். கூட நின்ற ஒருவர் மறுத்துக் கத்திக்கொண்டும் இருந்தார். மறுப்பதே 65(9)-இன் கீழ்த் தனிக் குற்றம், ஒரு கேஸ் இரண்டாகும். கையை நீட்டிவிடுவதுதான் புத்தி.

ஆனால் நீட்டும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வண்டி நின்ற நேரம், ஊசி போட்ட நேரம், போட்டவர் டாக்டரா நர்ஸா, சட்டையில் பெயர்ப் பட்டி இருந்ததா, தோலைத் துடைத்த பஞ்சில் ஸ்பிரிட் வாடை வந்ததா (வரக் கூடாது, ஆல்கஹால் இல்லாத பஞ்சுதான் பயன்படுத்த வேண்டும்), குழாய் அடங்கிய பெட்டி உங்கள் கண்ணெதிரே உடைக்கப்பட்டதா, எடுத்தபின் முத்திரை வைத்தார்களா, முத்திரை எண் என்ன. ரத்தம் எடுக்கும் குழாய்க்குச் சாம்பல் நிற மூடி. உள்ளே சோடியம் ஃப்ளோரைடு என்ற பொடி இருக்கும், ரத்தம் குழாயிலேயே புளித்து ஆல்கஹால் கூடிவிடாமல் தடுப்பது அதுதான். போன் கையில் இருக்கும்போதே இவ்வளவையும் உங்களுக்கே ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள், ஸ்டேஷனுக்குள் போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கு ஊசி போட்ட நேரம் 1.05.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஓட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் என்ன அளவு வருகிறதோ, ஓட்டும்போதும் அந்த அளவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி தாண்டினால் அந்தச் சலுகை அரசுத் தரப்புக்குக் கிடையாது. நிபுணரைக் கூட்டிவந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். கேஸ் தானாகச் செத்துவிடாது, பலவீனப்படும். எனக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, அந்த வாசல் எனக்கு ஆரம்பத்திலேயே மூடியிருந்தது. இது தெரியாமல் முதல் வக்கீல் "டூ அவர் ரூல் இருக்கு, கேஸ் நிக்காது" என்று சொன்னதை நம்பிக் காசு கொடுத்தேன். என் நேரத்தை அவர் கேட்கவே இல்லை.

ஸ்டேஷனில் உரிமைகள் அச்சிட்ட தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து உரிமைகளைச் சொன்னார்கள் என்பதற்குத்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு இல்லை. தயங்காமல் போடலாம். அடுத்து வாக்குமூலம் கேட்பார்கள். அங்கேதான் நான் கெடுத்துக்கொண்டேன். மரியாதையாகப் பேசினால் விட்டுவிடுவார்கள் என்ற நம் ஊர் நினைப்பில், எத்தனை மணிக்குக் குடிக்க ஆரம்பித்தேன், எத்தனை கிளாஸ், யார் ஊற்றினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லி, எழுதியதில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பெயர், விலாசம் சொல்லியே ஆக வேண்டும். மற்றதற்கு "என் வக்கீல் மூலம் சொல்கிறேன்" என்ற ஒரு வரி போதும், அதை எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அரசியலமைப்பின் 35-ஆவது பிரிவு கொடுத்த உரிமை அது, திமிர் இல்லை.

பெயில் விஷயம். கைதான ஆளை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பார்கள். அந்த 48 மணி வாரக் கடைசியிலோ கோர்ட் நேரத்துக்கு வெளியிலோ முடிந்தால் அடுத்த கோர்ட் நாள் வரை நீளும். சனிக்கிழமை ராத்திரி மாட்டியவன் திங்கள், செவ்வாய் வரை உள்ளே கிடக்க நேரலாம். அதைத் தவிர்க்கத்தான் போலீஸ் பெயில், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 59-ஆவது பிரிவு. விபத்து, காயம் எதுவும் இல்லாத முதல் தடவை கேஸில் கோர்ட்டுக்குப் போகும் முன்பே ஸ்டேஷனிலேயே பெயில் கொடுக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் போதை தெளியட்டும் என்று சில மணி நேரம் உட்கார வைத்த பிறகு. எனக்கு 1,000 ராண்ட் போட்டார்கள். ரொக்கம் மட்டும்தான், கார்டு இல்லை, போனில் அனுப்புவதும் இல்லை. என் பர்ஸில் 140 ராண்ட். வீட்டுக்கார அண்ணன் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் காசோடு வந்தார். அதுவரை பதினொரு பேரோடு ஒரு சிமெண்ட் தரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பெயில் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கேஸ் முடிந்ததும் பணம் திரும்பும். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அந்த மை ஆறு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட், பெயில் பணமும் தற்காலிகமாகப் பறிமுதல். 14 நாளுக்குள் நியாயமான காரணம் சொல்லாவிட்டால் பறிமுதல் நிரந்தரமாகிவிடும். இன்னொன்று, ஸ்டேஷன் வாசலிலோ ரோட்டிலோ "ஏதாவது பார்த்து முடிச்சுக்கலாம்" என்று யாராவது கோடி காட்டினால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுங்கள். லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் குற்றம்தான். போதை கேஸோடு போக வேண்டியது ஊழல் கேஸாகவும் முடியும்.

வண்டியை இழுத்துக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் 1,850 ராண்ட் கட்டி எடுத்தேன். லைசென்ஸ் உள்ள, குடிக்காத ஒருவர் அந்த இடத்துக்கே வந்திருந்தால் சாவியை அவரிடம் கொடுத்திருப்பார்களாம். எனக்கு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் கோர்ட். எட்டரைக்குப் போய்க் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயர் பார்க்க வேண்டும். ஒரே பட்டியலில் நாற்பது பேருக்கு மேல். தாழ்வாரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், "முதல் தடவையா? நான் பார்த்துக்கிறேன்" என்றார். 8,500 ராண்ட் கேட்டார். அங்கேயே போனில் அனுப்பினேன். உள்ளே அவர் எழுந்து நின்று சொன்னது ஒரே வாக்கியம், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வாய்தா வேண்டும் என்று. அதை பிராசிக்யூட்டரே (அரசு வக்கீல்) கேட்டிருப்பார். அடுத்த வாய்தாவுக்கு மறுபடி காசு என்றார். பேசியது ஒரு நாள் நிற்பதற்கு மட்டும்தானாம். காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: சட்டத் தொழில் கவுன்சிலில் பதிவு உள்ளவரா, வக்கீலிடம் ஒப்படைக்கும் பணத்துக்குப் பாதுகாப்பான ஃபிடெலிட்டி ஃபண்டின் இந்த வருஷச் சான்றிதழ் இருக்கிறதா, கட்டணம் ஒரு நாளுக்கா முழுக் கேஸுக்கா, எழுத்தில் தருவாரா. முதல் நாள் வக்கீலே தேவையில்லை. "வக்கீல் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும்" என்று நீங்களே சொன்னால் மாஜிஸ்ட்ரேட் வாய்தா கொடுப்பார். வருமானம் குறைவு என்றால் அரசு இலவசச் சட்ட உதவிக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம், சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள்.

நவம்பரில் இரண்டாவது வாய்தா. ரத்த ரிசல்ட் இன்னும் வரவில்லை. பிராசிக்யூட்டர் ஏதோ சொன்னார், மாஜிஸ்ட்ரேட் தலையாட்டினார், நீ போகலாம் என்றார்கள். கேஸ் வாபஸ். பெயில் பணத்தை அண்ணன் திரும்ப வாங்கினார். நான் அப்படியே அம்கேனி ரோடு கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு ஆபீஸில் ஏதோ பிரச்சினை, தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

தீரவில்லை. அது தற்காலிக வாபஸ். பரிசோதனைக் கூடத்தில் தேக்கம் இருப்பதால் ரிசல்ட் வர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பட்டியலில் கேஸை இழுத்தடிக்க மாஜிஸ்ட்ரேட் விடமாட்டார், பிராசிக்யூட்டர் வாபஸ் வாங்கிக்கொள்வார். ரிசல்ட் வந்ததும் சம்மன் அனுப்பி மறுபடி தொடங்குவார். இந்த வகைக் குற்றத்துக்கு அரசு வழக்குப் போடும் உரிமை 20 வருஷம் வரை உண்டு. விடுதலை என்றால் அது வேறு. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லி, விசாரணை நடந்து, தீர்ப்பு வந்தால்தான் விடுதலை. அன்றைக்கு நான் பிராசிக்யூட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "ரத்த ரிசல்ட் வந்தால் மறுபடி கூப்பிடுவீர்களா?" ஆமாம் என்றிருப்பார், அவ்வளவுதான். விசாரணை அதிகாரியின் பெயரும் கேஸ் எண்ணும் வாங்கி, வீடு மாறினால் புது விலாசத்தை எழுத்தில் கொடுத்திருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு ரிசல்ட் வந்ததா என்றும் கேட்டிருப்பேன். தூங்குகிற நாயை எதற்கு எழுப்புவது என்று சிலர் சொல்வார்கள். அது தூங்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

2023 ஜனவரியில் இசிப்பிங்கோவுக்கு வீடு மாறினேன். சம்மன் ஜூலையில் சாட்ஸ்வொர்த் வீட்டுக்குப் போயிருக்கிறது. சம்பந்தப்பட்ட ஆள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவராகத் தெரிகிற யாரிடமும் கொடுக்கலாம். ஆயா வாங்கி, ஏதோ பில் என்று நினைத்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டார். ஆடிக் கஞ்சி ஊற்றும் அன்று போனபோது, "தம்பி, உனக்கு ஒரு காய்தம் வந்திச்சி" என்று எடுத்துக் கொடுத்தார். மேலே குங்குமம் ஒட்டியிருந்தது. கோர்ட் தேதிக்கு ஐந்து நாள் பாக்கி. ஒரு வாரம் கழித்துப் போயிருந்தால் என் பெயரில் வாரண்ட். அப்புறம் எங்காவது ரோட் பிளாக்கில் அடையாள எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது பிடிபட்டிருப்பேன்.

இரண்டாவது வக்கீல் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த அம்மா, அறுபது வயது இருக்கும். முழுக் கேஸுக்கும் 22,000 என்று எழுதிக் கொடுத்தார், விசாரணைக்குப் போனால் தனி. முதல் வேலையாக போலீஸ் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். 1995-இல் ஷபலாலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அதில் பிடித்த அதிகாரியின் வாக்குமூலம், நர்ஸின் பிரமாணப் பத்திரம், பரிசோதகரின் பிரமாணப் பத்திரம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். முத்திரை எண் மூன்றிலும் ஒன்றா, எடுத்த நேரம் ஒத்துப்போகிறதா, குழாய் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது, நடுவில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததா, நர்ஸ் பதிவு பெற்றவரா. ஒரு எண் மாறினால் கேஸ் ஆடும். என்னுடையதில் எதுவும் மாறவில்லை. ரிசல்ட் 0.11. "உன் காகிதம் சுத்தமா இருக்கு தம்பி, அதுதான் உனக்குப் பிரச்சினை" என்று கோப்பை மூடி வைத்தார்.

என் முன்னால் இருந்த வழிகளை அவர் விளக்கியது இப்படி. குற்றச்சாட்டு இரண்டாக வரும். முதலாவது போதையில் ஓட்டியது, 65(1). அதற்கு ஓட்டும் திறன் பாதித்தது என்று காட்ட வேண்டும், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், டாக்டரின் பரிசோதனைக் குறிப்பு எல்லாம் அதற்குத்தான். மாற்றாக 65(2), ரத்த அளவு. அதற்கு எண் மட்டும் போதும். "நான் நிதானமாகத்தான் ஓட்டினேன்" என்பது முதலாவதற்குப் பதில், இரண்டாவதற்கு அது பதிலே இல்லை. குற்றமில்லை என்று வாதாடலாம். காகிதத்தில் ஓட்டை இருந்தால் அது நல்ல வழி, இல்லாவிட்டால் ஒரு வருஷமும் இன்னொரு 30,000-உம் போகும். மூச்சுக் கருவிக் கணக்கை 2011-இல் கேப் டவுன் ஹைகோர்ட் ஏற்காமல் விட்டதைச் சிலர் தாயத்து மாதிரி கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். ரத்தம் எடுத்த கேஸில் அது பேசாது.

அடுத்தது, மூத்த அரசு பிராசிக்யூட்டருக்கு மனுக் கொடுத்து வழக்கைத் திசைதிருப்பச் சொல்வது. அவர் ஒப்புக்கொண்டால், குற்றம் செய்தவர்களைத் திருத்த உதவும் நிக்ரோ போன்ற தொண்டு அமைப்பு நடத்தும் பயிற்சிக்குப் போய் முடிக்க வேண்டும், முடித்தால் வாபஸ், குற்றப் பதிவு இல்லை. முதல் தடவைக்காரர்களுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது, கேட்காமல் விடவே கூடாது. ஆனால் இது உரிமை இல்லை, பிராசிக்யூட்டர் மனசு வைத்தால்தான். வரம்பை ஒட்டிய அளவு, விபத்து இல்லை, வண்டியில் குழந்தை இல்லை என்றால் பேசிப் பார்க்கலாம். என் மனுவுக்கு ஆறு வாரம் கழித்து மறுப்பு வந்தது. வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பத்தாததற்கு என் வாக்குமூலத்தில் நானே நாலு கிளாஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது, தண்டனையையும் சேர்த்துப் பேசி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்வது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 105A பிரிவு. இதற்கு வக்கீல் கட்டாயம், அவர் இல்லாமல் செல்லாது. நான்காவது, நேரடியாக ஒப்புக்கொண்டு அதே சட்டத்தின் 112(2) பிரிவின்படி எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்து, தண்டனையைக் குறைக்கக் கேட்பது.

நான்காவதில் முடிந்தது, நவம்பர் 2023. 65(2)-இல் ஒப்புக்கொண்டேன். சட்டத்தில் அதிகபட்சம் ஆறு வருஷச் சிறை அல்லது அபராதம். முதல் தடவைக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. எனக்கு 8,000 ராண்ட் அல்லது எட்டு மாதச் சிறை, அதில் பாதி ஐந்து வருஷத்துக்கு நிறுத்தி வைப்பு, அதற்குள் இதே குற்றத்தில் மறுபடி மாட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. 4,000 ராண்டை அன்றே கட்டினேன். கையில் இல்லை என்றால் தவணை கேட்கலாம், தீர்ப்பு வாசிக்கும்போதே கேட்க வேண்டும்.

லைசென்ஸ்தான் நான் எதிர்பாராத அடி. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி முதல் தடவைக்குக் குறைந்தது ஆறு மாதம் தானாகவே முடக்கம், இரண்டாவது தடவைக்கு ஐந்து வருஷம், மூன்றாவதற்குப் பத்து. மாஜிஸ்ட்ரேட் தனியாக உத்தரவு போட வேண்டியதுகூட இல்லை. தவிர்க்கவோ குறைக்கவோ வேண்டுமானால் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து காரணம் சொல்ல வேண்டும், கம்பெனிக் கடிதம் மட்டும் காட்டினால் பத்தாது. இதைத் தெரியாமல் கடிதத்தோடு போய்ச் சும்மா திரும்பியவர்கள் நிறைய. நான் கூண்டில் ஏறினேன். மூன்று கிடங்குகளுக்கு நானே ஓட்டிப் போக வேண்டும் என்றேன். வாடகைக் கார் கிடைக்கிற ஊரில் இது காரணமா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் என்றால் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், மாற்று ஆள் இல்லை என்று மேலாளரின் நேரடிச் சாட்சி இவ்வளவும் கொண்டு போனால் வாய்ப்புண்டு. முடக்கக் காலத்தில் ஓட்டி மாட்டினால் அது வேறு குற்றம், நிறுத்தி வைத்த தண்டனையும் பேச்சில் வரும்.

செலவுக் கணக்கு: வண்டியை எடுக்க 1,850, முதல் வக்கீல் 8,500, இரண்டாமவர் 22,000, அபராதம் 4,000, ஆறு மாத வாடகைக் கார் ஏறக்குறைய 15,000. மொத்தம் 51,350 ராண்ட். விடுப்பு ஒன்பது நாள். அன்று ஃபீனிக்ஸிலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தால் ஐந்நூறு ராண்டுக்குள் முடிந்திருக்கும். இடித்திருந்தால் கணக்கு வேறு, போதையில் ஓட்டியதற்கு இன்சூரன்ஸ் ஒரு காசு தராது, எதிர் வண்டிக்கும் நாமே கட்ட வேண்டும். அடுத்த வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போது தண்டனை உண்டா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் பின்னால் எந்தக் கிளெய்மும் நிற்காது.

நம்மைப் போல வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாரம் குற்றப் பதிவு. விசா புதுப்பிக்கவும் நிரந்தர வசிப்புரிமைக்கும் கேட்கும் போலீஸ் சான்றிதழில் இந்தத் தண்டனை அச்சாகி வரும். மறைக்க முடியாது. விண்ணப்பத்தோடு தீர்ப்பின் நகல், அபராத ரசீது, விளக்கக் கடிதம் மூன்றையும் நாமே வைத்துவிடுவது நல்லது. தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கோர்ட் கிளார்க்கிடம் அந்த வாரமே வாங்கிவிடுங்கள், வருஷம் கழித்துக் கோப்பைத் தேடுவது பெரும்பாடு. 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம் போன்ற சிறு தண்டனைகளைப் பத்து வருஷம் கழித்து, இடையில் சிறை செல்லும் தண்டனை எதுவும் இல்லாவிட்டால், நீதித் துறைக்கு விண்ணப்பித்து அழிக்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 271B பிரிவு. தானாக அழியாது. எனக்கு அது 2033 நவம்பர்.

2024 மே மாதம் லைசென்ஸைத் திரும்ப வாங்கப் போனேன். பழுப்பு உறைக்குள் பின் அடித்து வைத்திருந்தார்கள். கார்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஐந்து வருஷக் கெடு மூன்று வாரத்துக்கு முன்னால் முடிந்திருந்தது. கோர்ட்டில் கொடுக்கும் முன் தேதியை நான் பார்த்திருக்கவே இல்லை. கண் பரிசோதனை, போட்டோ, கட்டணம் என்று அடுத்த வரிசையில் போய் நின்றேன், அங்கே போனதும் வாடகைக் காரில்தான்.